பெங்களூருவில் டீ-டேன் செய்யப் போகிறீர்களா? எத்தனை நாள் நிற்கும், எப்படி நிற்க வைப்பது

ஓசூர் ரோட்டிலோ அவுட்டர் ரிங் ரோட்டிலோ தினமும் டூவீலரில் போய்வருகிறவருக்கு, பெங்களூரு வந்த ஆறாம் மாதமே முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், முழங்கைக்குக் கீழே வேறொரு நிறம் என்று ஆகிவிடுகிறது. ஊருக்குப் போனால், "அங்க குளுகுளுன்னு இருக்கும்னு சொன்னாங்க, நீ என்ன இப்படிக் கருத்துப்போய் வந்திருக்க?" என்று கேட்கிறார்கள்.

அந்தக் குளுகுளுப்புதான் காரணம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். சென்னையிலும் சேலத்திலும் வெயில் சுடுவதால் நாமாகவே நிழலுக்கு ஓடிவிடுவோம். இங்கே காற்று ஜில்லென்று இருப்பதால் மதியம் பன்னிரண்டு மணிக்கும் வெறும் முகத்தோடு டீக்கடை வாசலில் நிற்கிறோம்.

வெயிலால் வரும் இந்தக் கருமைதான் டேன். அதை எடுக்கும் டீ-டேனுக்காகப் பிறகு பார்லர், கிளினிக், பேக்கேஜ் என்று பணம் போகிறது. மூன்று வாரத்தில் பழைய நிறம் திரும்புகிறது. சிகிச்சை சரியில்லை என்று அடுத்த கிளினிக் மாறுகிறோம். பெரும்பாலும் சிகிச்சையில் தப்பு இருக்காது. டீ-டேன் செய்வது, ஏற்கெனவே நிறமேறிய மேல்தோலைக் கொஞ்சம் சீக்கிரம் உதிர வைப்பது மட்டுமே. அடியில் நிறமியைத் தயாரிக்கும் செல்கள் அப்படியேதான் இருக்கும். மறுநாள் வெயில் பட்டால் அவை மறுபடி வேலையைத் தொடங்கும். அதனால் சிகிச்சை எத்தனை நாள் நிற்கும் என்பதைக் கிளினிக்கைவிட உங்கள் மறுநாள் காலைதான் அதிகம் தீர்மானிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள வரிசைப்படி போங்கள். பணமும் மிஞ்சும், தோலும் மிஞ்சும்.

1. அது டேன்தானா என்று முதலில் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் நின்று, கையை உயர்த்தி மேல்கையின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தின் நிறம்தான் உங்கள் இயல்பு நிறம். வாட்ச் பட்டைக்கு அடியில் இருப்பதும் அதுதான். எந்த டீ-டேனும் உங்களை அதுவரைதான் கொண்டுபோகும், அதற்கு மேல் போகாது. போக வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவர் விற்பது டீ-டேன் அல்ல, தோலை வெளுக்கும் மருந்து. அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். மாநிறமோ கருப்போ, உங்கள் சொந்த நிறத்துக்குத் திரும்புவதுதான் இந்தக் கட்டுரையின் எல்லை.

டேன் என்றால் வெயில் பட்ட இடமெல்லாம் ஒரே சீராகக் கருத்திருக்கும். சட்டைக் கையின் விளிம்பிலும் செருப்பு வார் ஓரத்திலும் கோடு தெரியும். கீழே உள்ளவை டேன் அல்ல. இவற்றுக்கு டீ-டேன் செய்தால் பயனில்லை, சிலவற்றில் இன்னும் மோசமாகும்.

இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டின் மேலும் திட்டுத் திட்டாக இருந்தால் அது மங்கு. இதற்கு மருத்துவமும் வேறு, பொறுமையும் வேறு. கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கருத்திருந்தால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். பார்லருக்குப் போகும் முன் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போங்கள். மேல்கையிலும் முதுகிலும் அலை அலையாகக் கருமை இருந்தால், நைலான் நாரால் வருடக்கணக்கில் தேய்த்ததால் வந்திருக்கலாம். அதை இன்னும் ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பது எரியும் அடுப்பில் எண்ணெய் விடுவது போல. நெற்றியிலும் காதோரத்திலும் சாம்பல் கலந்த கருமை வந்தால் தலைச்சாயம், ஒட்டுப்பொட்டு, குங்குமம் இவற்றின் ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள். பருவுக்கு டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் வெயில் அளவுக்கு மீறிப் பிடிக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. எட்டு வாரம் பணம் கட்டாமல் இருந்து பாருங்கள்

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. மேல்தோல் அடியிலிருந்து மேலே வந்து உதிர, இளம் வயதில் ஏறக்குறைய 28 நாள் ஆகும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 40 நாளுக்கு மேலும் ஆகலாம். புதிதாக வெயில் படாமல் பார்த்துக்கொண்டால், சமீபத்தில் வந்த டேன் இரண்டு சுற்றில், அதாவது எட்டு வாரத்தில், முகத்தில் கண்ணுக்குத் தெரியும்படி தானாகவே குறையும். கை, புறங்கை, பாதம் இவை மெதுவாகத்தான் வரும். பல வருட வெயில் வாங்கிய கைக்கு ஆறு மாதம்கூட ஆகலாம்.

முதல் நாளும் 28ஆம் நாளும் 56ஆம் நாளும் ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஃபில்டர் இல்லாத கேமராவில் படம் எடுத்து வையுங்கள். எட்டு வாரத்துக்கான செலவு இரண்டு மூன்று ட்யூப் சன்ஸ்கிரீன் மட்டுமே. நன்றாகக் குறைந்துவிட்டால் சிகிச்சையே வேண்டாம். குறையவில்லை என்றால், இந்தப் படங்கள்தான் டாக்டரிடம் காட்ட வேண்டிய முதல் ஆவணம். எட்டு வாரம் தொடர்ந்து சன்ஸ்கிரீன் பூச உங்களுக்கு முடிகிறதா என்பதும் இதில் தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் இருபதாயிரம் ரூபாய்ப் பேக்கேஜும் நிற்காது.

3. எந்தச் சிகிச்சை எத்தனை நாள் நிற்கும்

கீழே சொல்லும் கட்டணங்கள் பெங்களூருவில் பொதுவாகக் கேட்கும் தொகை. இந்திராநகர், கோரமங்களாவில் மேல்முனையும், கே.ஆர். புரம், சிவாஜிநகர் பக்கம் கீழ்முனையும் இருக்கும்.

பார்லர் டீ-டேன் பேக், முகத்துக்கு 300 முதல் 800 ரூபாய். லாக்டிக் அமிலம், களிமண், பழச்சாறு கலந்த பூச்சு இது. இறந்த செல்களை ஒரு படலம் எடுக்கும். ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம் பளிச்சென்று இருக்கும். முதல் இரண்டு நாள் தெரியும் பளபளப்பில் பாதி, மசாஜ் செய்ததால் வந்த ரத்த ஓட்டம்.

ப்ளீச். இது தோலை வெளுப்பதைவிட முகத்தில் உள்ள பூனை முடியைத்தான் வெளுக்கிறது. முடி பொன்னிறமானதும் முகம் வெளிர்ந்தது போல் தோன்றும். புது முடி வளரும்வரை, அதாவது இரண்டு மூன்று வாரம் அந்தத் தோற்றம் இருக்கும். சில டீ-டேன் பேக்கிலேயே ப்ளீச் கலந்திருக்கும், டப்பாவை வாங்கிப் படியுங்கள். சுருக்கென்று எரிந்தால் "அப்படித்தான் இருக்கும்" என்ற பதிலை ஏற்காதீர்கள், உடனே கழுவச் சொல்லுங்கள். எரிந்துபோன இடம் நம் தோலில் கருப்பாகத்தான் ஆறும்.

தண்ணீர் விட்டு உறிஞ்சும் மெஷின் ஃபேஷியல், ஹைட்ராஃபேஷியல் என்று சொல்வது, 3,000 முதல் 8,000 வரை. தோல் சுத்தமாகும், ஈரப்பதம் ஏறும், இரண்டு முதல் நான்கு வாரம் நன்றாக இருக்கும். டேனுக்காக மட்டும் இதைச் செய்வது கொடுக்கும் காசுக்குத் தகாது.

கெமிக்கல் பீல், அதாவது அமிலம் பூசி மேல்தோலை உரிய வைப்பது, ஒரு சிட்டிங் 1,500 முதல் 3,500. உண்மையில் டேனுக்குப் பயன்படுவது இதுதான். கிளைகாலிக், லாக்டிக், மாண்டெலிக், சாலிசிலிக் என்று வகைகள் உண்டு. நம் போன்ற தோலுக்கு லாக்டிக்கும் மாண்டெலிக்கும் சாந்தமானவை. கிளைகாலிக் வேகமாக இறங்கும். நேரம் பார்த்து நடுநிலைப்படுத்தாவிட்டால் சுட்டுவிடும். இரண்டு மூன்று வார இடைவெளியில் நான்கு முதல் ஆறு சிட்டிங் தேவைப்படும். ஒரே சிட்டிங்கில் வரும் தெளிவு மூன்று நான்கு வாரம். முழுச் சுற்றும் முடித்து வெயிலையும் கட்டுப்படுத்தினால் ஆறு மாதம்வரை தாராளமாக நிற்கும். வெயிலைக் கட்டுப்படுத்தாவிட்டால் ஆறு சிட்டிங் முடித்தவருக்கும் ஆறு வாரம்தான்.

லேசர் டோனிங், அதாவது லேசர் ஒளியால் நிறமியை உடைப்பது. லேசரின் பெயர் க்யூ-ஸ்விட்ச்டு என்.டி. யாக், 1064 நானோமீட்டர். ஒரு சிட்டிங் 3,000 முதல் 7,000. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் நான்கு முதல் ஆறு முறை செய்வார்கள். சாதாரண டேனுக்கு இது தேவையில்லை. பீல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், ஆழமாக இறங்கிய நிறத்துக்கும் டாக்டர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். வாரா வாரம் அடித்தால் வெள்ளைப் புள்ளி புள்ளியாக நிறம் போய்விடும் ஆபத்து உண்டு, அதைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். மங்கு இருப்பவர்களுக்கு லேசர் நிறுத்தியதும் முன்பைவிடக் கருப்பாகத் திரும்புவதும் நடக்கிறது.

கடலை மாவு, பயத்தம் மாவு, தயிர் இவை அழுக்கை எடுக்கும், கெடுதல் செய்யாது. டேனை எடுக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எலுமிச்சையை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள், அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து பழுப்புக் கறை விழும். சமையல் சோடாவும் பற்பசையும் முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

4. எந்த மாதம் தொடங்குவது

பிப்ரவரி முதல் மே வரை புதிதாகப் பீல் தொடங்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் வானம் தெளிந்த நாட்களில் நண்பகல் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும். 3ஐ எட்டினாலே பாதுகாப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உரிந்து மெலிந்திருக்கும் தோலோடு அந்த வெயிலில் போவது, கொடுத்த பணத்தை ரோட்டில் போடுவதற்குச் சமம்.

மழைக்காலம் பாதுகாப்பு என்றும் நம்பிவிடாதீர்கள். பெங்களூருவில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து, நிழல் காலடியில் மறையும் நாள் ஆண்டுக்கு இரண்டு முறை. ஒன்று ஏப்ரல் 24, 25 வாக்கில். இன்னொன்று ஆகஸ்ட் 18 வாக்கில், மேகமூட்டத்தின் நடுவே. மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். ஆகஸ்டில் "வெயிலே இல்லையே" என்று சன்ஸ்கிரீனை விடுகிறவர்கள் செப்டம்பரில் காரணம் தெரியாமல் கண்ணாடி பார்க்கிறார்கள்.

செப்டம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரிக்குள் நான்கைந்து சிட்டிங் முடிப்பதுதான் இங்கே நல்ல கணக்கு. கல்யாணம் என்றால் நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். கடைசிப் பீல் முகூர்த்தத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு முடிந்துவிட வேண்டும். பார்லர் டீ-டேன் நான்கைந்து நாள் முன்பு. முதல் முறை செய்யும் எதையும் கல்யாண வாரத்தில் செய்யாதீர்கள்.

5. டாக்டரையும் காகிதங்களையும் சரிபாருங்கள்

"ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட்", "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்ற பலகைக்கு மட்டும் மதிப்பில்லை. எம்.டி. டி.வி.எல்., டி.என்.பி., டி.டி.வி.எல். போன்ற தோல் மருத்துவப் பட்டம் பெயருக்குப் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துச்சீட்டில் கர்நாடக மருத்துவ கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும். கிளினிக் சுவரில், கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்றிதழ் தொங்க வேண்டும், சுருக்கமாகக் கே.பி.எம்.இ. என்பார்கள். அது இல்லாத இடத்தில் பீலும் லேசரும் செய்துகொள்ளாதீர்கள்.

தனியார் கிளினிக்கில் டாக்டர் பார்க்கும் கட்டணம் 500 முதல் 1,000 வரை. அதுவும் கஷ்டம் என்றால் சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனையிலும், மார்க்கெட் பக்கம் விக்டோரியாவிலும் அரசுத் தோல் பிரிவு இருக்கிறது. கோரமங்களா பக்கம் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலும் தோல் பிரிவு உண்டு, அது அரசு மருத்துவமனை அல்ல. காலையிலேயே போய்ச் சீட்டு எடுங்கள். இது டேனா மங்கா என்று தீர்த்துச் சொல்ல இந்த இடங்கள் தாராளமாகப் போதும், அங்கே பேக்கேஜ் விற்க யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

நீங்கள் கொண்டுபோக வேண்டியவை: எட்டு வாரப் படங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், முகத்துக்குப் பூசும் எல்லா க்ரீமின் அட்டைகள். மெடிக்கல் ஷாப்பில் "வெள்ளையாகும்" என்று கொடுத்த ட்யூபையும் மறைக்காமல் எடுத்துப் போங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டிருந்தாலும், உதட்டோரம் அக்கிக் கொப்புளம் வந்த பழக்கம் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், பாலூட்டினாலும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இவை ஒவ்வொன்றும் சிகிச்சையையே மாற்றும்.

நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டியவை: சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தின் பிரதி, ஒப்புதல் படிவத்தின் நகல், ஒவ்வொரு சிட்டிங்கிலும் என்ன அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம் என்று எழுதிய சீட்டு. கடைசியாகச் சொன்னதை யாரும் தானாகத் தர மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். வீடு மாறி வேறு டாக்டரிடம் போகும்போது அந்த ஒரு சீட்டுதான் உங்களைக் காப்பாற்றும். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். புரியாத வரியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த ஒரு ஊழியர் இல்லாத கிளினிக் இந்த ஊரில் அபூர்வம்.

6. பேக்கேஜில் மாட்டாதீர்கள்

டாக்டர் ஐந்து நிமிடம் பார்ப்பார். பிறகு "கவுன்சிலர்" என்ற பெயரில் ஒருவர் தனி அறையில் உட்கார வைத்து நாற்பது நிமிடம் பேசுவார். எட்டு சிட்டிங் 40,000, இன்றைக்கே கட்டினால் 24,000, வட்டியில்லாத் தவணை என்று கணக்கு மாறும். அந்தத் தவணை உங்கள் பெயரில் எடுக்கும் கடன். பாதியில் சிகிச்சையை நிறுத்தினாலும் மாதாமாதம் கணக்கிலிருந்து பணம் போகும். போனில் ஓ.டி.பி. கேட்டால் எதற்கு என்று தெரியாமல் சொல்லாதீர்கள்.

ஒரு சிட்டிங்குக்கு மட்டும் கட்டுங்கள். தள்ளுபடி போனாலும் போகட்டும். முதல் பீலுக்கு உங்கள் தோல் என்ன பதில் சொல்கிறது என்று பார்க்காமல் எட்டுக்கும் கட்டுவதில் அர்த்தமில்லை. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும், எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், கிளை மூடினால் என்ன ஏற்பாடு, பூசப்போவது டாக்டரா டெக்னீசியனா, ஜி.எஸ்.டி. உள்ளடக்கமா தனியா. மெடிக்கல் இன்சூரன்ஸ் அழகுச் சிகிச்சைக்குப் பணம் தராது, "க்ளெய்ம் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

7. சிட்டிங்குக்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும்

ஒரு வாரம் முன்பே த்ரெட்டிங், வேக்ஸிங், ஸ்க்ரப், ப்ளீச் எல்லாம் நிறுத்திவிடுங்கள். ரெட்டினால், ட்ரெட்டினாயின், அமிலம் கலந்த சீரம் இவற்றையும் ஒரு வாரம் முன்பு நிறுத்த வேண்டும். மேலுதட்டில் வேக்ஸ் செய்த மறுநாள் பீல் போட்டுக்கொண்டு மீசை போலக் கருப்புக் கோடு வாங்கியவர்கள் நிறைய.

பீல் போடும்போது லேசாகக் குறுகுறுப்பதும் எரிவதும் இயல்பு. ஒன்றிலிருந்து பத்து என்று கணக்கு வைத்துக்கொண்டு, ஏழைத் தாண்டினால் எடுக்கச் சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டால் நிறம் கூடுதலாக வரும் என்பது பொய்.

அடுத்த இரண்டு நாள் ஜிம், நீச்சல், ஆவி பிடித்தல் வேண்டாம். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள்வரை மெல்லிதாக உரியும். கை பரபரக்கும், பிய்க்காதீர்கள். பிய்த்த இடம் ஒவ்வொன்றும் ஒரு கருப்புப் புள்ளியாக நிற்கும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், மிதமான ஃபேஸ்வாஷ், சன்ஸ்கிரீன், இந்த மூன்றைத் தவிர ஒரு வாரம் எதுவும் வேண்டாம். சிட்டிங்கை வெள்ளிக்கிழமை மாலைக்கு வையுங்கள். மூன்று நாள் டூவீலர் எடுக்காமல் மெட்ரோவிலோ பஸ்ஸிலோ போக வழி பாருங்கள்.

8. சன்ஸ்கிரீன் கணக்கு

நிற்க வைக்கும் வேலை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. சன்ஸ்கிரீன் போடுகிறேன் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் போட வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் போடுகிறார்கள்.

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடாகப் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு அவ்வளவு வேண்டும், சுமார் ஒன்றேகால் கிராம். காலையும் மதியமும் என்றால் நாளுக்கு இரண்டரை கிராம். 50 கிராம் ட்யூப் இருபது நாளில் தீர வேண்டும். உங்கள் ட்யூப் இரண்டு மாதம் வருகிறது என்றால் அட்டையில் எஸ்.பி.எஃப். 50 என்று இருந்தாலும் உங்கள் முகத்துக்குக் கிடைப்பது அதில் சொற்பம்தான். ஆண்டுக்குப் பதினெட்டு ட்யூப், ட்யூப் 450 ரூபாய் என்று வைத்தாலும் 8,100 ரூபாய். பேக்கேஜ் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது எஸ்.பி.எஃப். 50ஐ மட்டும் பார்த்தால் போதாது, அது யூ.வி.பி. என்ற ஒருவகைப் புற ஊதாக் கதிருக்கான எண். டேனை உடனடியாகக் கருக்க வைப்பதில் யூ.வி.ஏ. என்ற இன்னொரு வகைக்குப் பெரிய பங்கு. அதற்கு பி.ஏ.+++ அல்லது பி.ஏ.++++ என்று இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மாநிறத் தோலைக் கருக்க வைக்கும். அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமூட்டிய சன்ஸ்கிரீன்தான். மங்கும் டேனும் சேர்ந்து இருப்பவர்கள் அதையே வாங்குங்கள், வெள்ளைப் படலமும் விழாது.

வெளியே கிளம்பப் பதினைந்து இருபது நிமிடம் முன்பு பூசுங்கள். காது மடல், பின்கழுத்து, புறங்கை இவை எல்லோரும் மறக்கும் இடங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். ஆபீஸ் உள்ளேயே இருப்பவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே இறங்குவதற்கு முன்பும், மாலை நான்கு மணிக்கு முன்பே கிளம்பினால் அப்போதும் பூசினால் போதும். கண்ணாடிச் சுவர் ஓரம் இருக்கை என்றால் கணக்கு வேறு, யூ.வி.ஏ. சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வரும். கேப்பில் ஜன்னல் பக்கம் உட்காருகிறவர்களுக்கு ஒரு பக்கக் கன்னமும் ஒரு கையும் மட்டும் கருப்பதும் இதனால்தான்.

டூவீலர்காரர்களுக்கு: முழு முக ஹெல்மெட், வைசர் கீழே இறக்கி. பாலிகார்பனேட் வைசர் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆனால் சில்க் போர்டு சிக்னலில் எல்லோரும் வைசரைத் தூக்கிவிட்டு ஐந்து நிமிடம் நிற்கிறோம், அங்கேதான் கருக்கிறோம். விரல் மூடிய கையுறை, நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, செருப்புக்குப் பதில் ஷூவும் சாக்ஸும். கைக்கும் காலுக்கும் சன்ஸ்கிரீன் வாங்கித் தீர்ப்பதைவிட 300 ரூபாய் கையுறை லாபம்.

வெயில் பலமா என்று தெரிந்துகொள்ள ஆப் வேண்டாம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் பலம்.

9. காலையும் ராத்திரியும் பூசுவது

இரண்டுக்கு மேல் வேண்டாம். காலையில் வைட்டமின் சி 10 சதவீதம் அல்லது நியாசினமைடு 5 சதவீதம், அதன் மேல் சன்ஸ்கிரீன். ராத்திரி அசெலாயிக் அமிலம் 10 சதவீதம், அல்லது வாரம் இரண்டு முறை லாக்டிக் அமிலம் 5 முதல் 10 சதவீதம். பீல் முடிந்த பத்தாம் நாளுக்குப் பிறகு மெல்லத் தொடங்குங்கள். எதையும் முதலில் காதுக்குப் பின்னால் பூசி 48 மணி நேரம் பாருங்கள். பீல் சுற்று முடிந்தவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு சிட்டிங் பராமரிப்புக்குச் செய்யலாம், அதுவும் கட்டாயமில்லை.

தொடவே கூடாதவை மூன்று. முதலாவது, ஸ்டீராய்டும் ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் கலந்த ட்யூப். டாக்டர் சில வாரத்துக்கு மட்டும் எழுதும் மருந்து அது. பத்து நாளில் முகம் ஜொலிக்கும், மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, பருவும் முடியும் முளைக்கும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் அரசு கட்டுப்படுத்தியது. இன்னும் கேட்டால் கொடுக்கிறார்கள், அதனால் கேட்காமல் இருப்பது நம் பொறுப்பு. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூவோசினோலோன் என்று அட்டையில் இருந்தால் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, தயாரித்த இடமும் பொருட்பட்டியலும் இல்லாத வெளுக்கும் க்ரீம். பாதரசம் இருக்கலாம். 2023இல் மலப்புறத்தில் அப்படிப்பட்ட க்ரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது வெளியே தெரிய வந்தது. மூன்றாவது, நிறத்துக்காகப் போடும் குளுட்டாதயோன் ஊசி. டேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒவ்வாமையில் உயிருக்கே ஆபத்து வரக்கூடியது.

10. கெட்டுப்போனால்

பீலுக்குப் பிறகு இரண்டு நாள் கழித்தும் எரிச்சல் அடங்காமல் இருந்தாலோ, நீர்க்கொப்புளம் வந்தாலோ, வெள்ளையாகச் சீழ் கட்டினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வாட்ஸப்பில் படம் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் பீல் போட்ட இடம் முன்பைவிடக் கருத்தால், அது புண் ஆறிய கருமை. அடுத்த சிட்டிங்கை நிறுத்துங்கள். "இன்னும் ஒரு பீல் போட்டால் சரியாகிவிடும்" என்பது தவறான யோசனை. சரியான க்ரீமும் சன்ஸ்கிரீனும் போதும், மூன்று முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் முதலில் ஈமெயிலில் எழுத்துமூலம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை, ஆனால் பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில், ஒப்புதல் படிவத்தின் நகல், தேதியோடு கூடிய படங்கள், சதவீதம் எழுதிய அந்தச் சீட்டு, இவை நான்கையும் முதல் நாளிலிருந்தே ஒரே கவரில் போட்டு வையுங்கள்.